ஹப் மோட்டாருக்குக் காயில் கட்டி 14 மாதம்

என் எலெக்ட்ரிக் சைக்கிளில் இருப்பது 48 வோல்ட் டைரக்ட் டிரைவ் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே இருந்து சக்கரத்தை நேரடியாகச் சுற்றும் மோட்டார். போன வருடம் மருதமலைப் பாதையில் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பெடல் போடச் சோம்பல்பட்டு, முழுத் திராட்டிலில் ஆமை வேகத்தில் ஏறினேன். பாதி வழியிலேயே வார்னிஷ் கருகும் வாடை. இந்த வகை மோட்டாரில் கியர் கிடையாது, அதனால் மெதுவாக ஏறும்போது இழுக்கிற கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும்.

மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கண்ட்ரோலர் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று பேஸ் வயரையும் கழற்றி, ஒன்றோடொன்று படாமல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் அப்போதும் பிடித்துப் பிடித்துத்தான் சுற்றியது. கண்ட்ரோலர் இல்லாமலே பிடிக்கிறது என்றால், சரி, காயில்தான் ஷார்ட். மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது இதற்கு வீண், நல்ல காயிலே ஷார்ட் மாதிரிதான் காட்டும்.

கோவையில் கணபதி பக்கம் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். "நமக்கு 24, 36 ஸ்லாட்டுதானுங்க தம்பி பழக்கம்" என்று தயங்கினார். இதில் காயில் சுற்றும் இரும்புப் பல் 51, காந்தம் 46. ஒரு பல்லில் வலமாகச் சுற்றினால் அதே பேஸின் அடுத்த பல்லில் இடமாகச் சுற்ற வேண்டும், மூன்று பல் அல்லது நான்கு பல் ஆனதும் அடுத்த பேஸ் வந்துவிடும். பழைய காயிலை வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பல்லையும் போட்டோ எடுத்து நம்பர் போட்டு வைத்தேன், அது இல்லாவிட்டால் கதை முடிந்திருக்கும்.

அப்படியும் ஒரு பல்லில் சுற்று திசை மாறிப்போனது! மாட்டி ஓட்டினால் உறுமல். அண்ணன் மறுபடி பிரித்து, 12 வோல்ட் பேட்டரியை ஹெட்லைட் பல்பு வழியாக ஒரு பேஸுக்குக் கொடுத்து, பல் பல்லாகத் திசைகாட்டியை நகர்த்தினார். முள் மாறி மாறித் திரும்பிக்கொண்டே வந்தது, ஒரே இடத்தில் மட்டும் திரும்பவில்லை. எனக்கு அந்த யோசனை வந்தே இருக்காது. (காயில் கட்டிய உள்பாகமான ஸ்டேட்டரைத் திரும்ப உள்ளே விடும்போது விரல் பத்திரம், காந்தம் சட்டென்று இழுக்கும். எனக்கு ஒரு நகம் போச்சு.)

பழைய காயிலில் பத்து கம்பி இழை சேர்ந்து இருந்தது. கையால் கட்டும்போது ஒன்பதுதான் அடங்கியது, அதனால் முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம் சூடாகிறது. மற்றபடி வேகம், ரேஞ்ச் இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. மழைக்காலம் முடிந்து ஒருமுறை கழற்றிப் பார்த்ததில் ஸ்டேட்டர் விளிம்பில் லேசான துரு, காயில் சுத்தம். காந்தம் எங்கே நிற்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார் மூன்றையும் அப்போதே புதிதாகப் போட்டது நல்லதாய்ப் போயிற்று, கருகிய காயிலுக்குப் பக்கத்தில் வெந்ததை நம்பி மறுபடி மூட மனசு வரவில்லை.

காயிலோடு சேர்த்து சூட்டை அளக்க ஒரு தெர்மிஸ்டரும் ஒட்டி, மீட்டரை ஹேண்டில்பாரில் வைத்திருக்கிறேன். 100 டிகிரி தாண்டினால் தம்பி இறங்கி நடக்கிறான்.