பருத்தி வேட்டி வாங்குவோர் ஊடை நூலையும் உருவிப் பாருங்கள்

சென்ற ஆண்டு தைப்பூசத்திற்காகப் பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு துணிக்கடையில், முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நாங்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்யும் பிள்ளைகளுக்காக 42 வேட்டிகள் வாங்கினேன். ஒன்றுக்கு 38 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வீதம் மொத்தம் 1,596 வெள்ளி கொடுத்தேன். வெயிலிலும் அடுப்படியிலும் நாள் முழுவதும் நிற்கப் போகிறவர்கள் என்பதால் சுத்தப் பருத்திதான் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். கடைக்காரர், “அண்ணே, இது 80-ஆம் நம்பர் நூல், சுத்தப் பருத்தி, நீங்களே கொளுத்திப் பாருங்க” என்று சொல்லி, வேட்டியின் முனையில் தொங்கிய நூல் ஒன்றைப் பிய்த்து என் கண் முன்னாலேயே தீக்குச்சியில் காட்டினார். காகிதம் எரிந்த மணம் வந்தது, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் மிஞ்சியது. அதைப் பார்த்த பிறகு ஐயப்பட எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

வெள்ளி ரதம் வந்த அன்று முற்பகலிலேயே, வேட்டி தொடையில் ஒட்டுகிறது, வேர்வை இறங்கவே இல்லை என்று பிள்ளைகள் குறை சொல்லத் தொடங்கினார்கள். தேங்காய்க் குவியலில் சூடம் ஏற்றியபோது எரியும் கட்டி ஒன்று தெறித்து என் அண்ணன் மகனின் மடியில் விழுந்தது. உடனே தட்டிவிட்டான், தண்ணீரும் ஊற்றினோம். ஆனால் துணி அதற்குள் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டதால், மருந்தகத்தில் அதைச் சிறு சிறு துணுக்குகளாக எடுக்க வேண்டியதாயிற்று. பருத்தியும் தீப்பற்றும், விரைவாகவே பற்றும். ஆனால் அது உருகி உடம்பில் ஒட்டாது. சுத்தப் பருத்தி என்று விற்ற துணி எப்படி உருகியது என்பதே என் கேள்வியாக இருந்தது.

அன்றிரவு அந்த வேட்டியில் விழுந்திருந்த ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். நீளவாக்கில் இருந்த இழைகள் கருகிப் பொடியாக உதிர்ந்தன. குறுக்குவாக்கில் இருந்தவை ஒவ்வொன்றும் நுனியில் கடுகளவு கறுப்பு மணியாகத் திரண்டு, நகத்தால் அழுத்தினாலும் உடையாமல் இருந்தன. ஏமாற்று எங்கே இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. வேட்டியின் இரு முனைகளிலும் தொங்குபவை நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் மட்டுமே. ஊடை நூல் குறுக்கே ஓடிக் கரையில் திரும்பிவிடுவதால், அது முனையில் தொங்குவதே இல்லை. பாவுக்குப் பருத்தியும் ஊடைக்குப் பாலியஸ்டரும் போட்டு நெய்த துணியில், தொங்கும் நூலை எத்தனை முறை கொளுத்தினாலும் பருத்தி என்றுதான் காட்டும்.

ஊடை நூலில் ஒன்றை உருவி, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருகிப் பார்த்தேன். பருத்தி இழை இயல்பிலேயே குட்டையானது, பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர்தான். முறுக்கு ஒன்றுதான் அவற்றைச் சேர்த்துப் பிடித்து நூலாக்குகிறது. ஆகவே முறுக்கை அவிழ்த்து இலேசாக இழுத்தாலே பருத்தி நூல் பஞ்சாகப் பிரிந்து வந்துவிடும், முனைகளில் மெல்லிய மயிர் சிலிர்த்து நிற்கும். நான் உருவிய ஊடையோ, எவ்வளவு திருகியும் பிரியவில்லை. தலைமுடியைவிட மெல்லிய, பளபளப்பான, முடிவே இல்லாத இழைகள் பல அதில் ஒன்றாக ஓடின. இயந்திரத்தின் நுண்துளை வழியே இழுத்து உருவாக்கப்படும் தொடரிழை நூலின் அடையாளம் அது. இதற்குத் தீக்குச்சியும் வேண்டாம் என்பதால், கடையிலேயே யாரும் செய்து பார்க்கலாம்.

ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பவும் கூடாது. பாலியஸ்டரைப் பருத்தியின் நீளத்திற்கே நறுக்கி, பஞ்சோடு கலந்து நூற்கும் கலப்பு நூலும் உண்டு. அது கையில் பருத்தியைப் போலவே பிரியும். கொளுத்தினால்தான் சாம்பலுக்குள் கடினமான மணி தட்டுப்படும். மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் நூல் நெருப்பில் பருத்தியைப் போலவே எரிந்து ஏமாற்றிவிடும். அதை நனைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும், விஸ்கோஸ் வலுவிழந்து எளிதில் அறுந்துவிடும்.

கடைக்காரர் பெருமையாகச் சொன்ன 80-ஆம் நம்பர் என்பதையும் விளக்க வேண்டும். 840 கெஜம் நீளமுள்ள ஒரு சிட்டத்தை (நூல் சுருளை) அளவாக வைத்து, ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதையே நம்பர் என்கிறார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். நூல் எதனால் ஆனது என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை, கலப்பு நூலுக்கும் நம்பர் உண்டு. தொடரிழை நூலை டெனியர் என்ற அளவில், 9,000 மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள். அங்கே எண் ஏறினால் நூல் தடிக்கும். வேர்வை இறங்காததற்கும் காரணம் ஊடைதான். ஆலைகள் வைத்திருக்கும் கணக்கின்படி, உலர்ந்த நிலையில் 100 கிராம் இருக்கும் பருத்தி காற்றிலிருந்து ஏறத்தாழ 8.5 கிராம் ஈரத்தை ஏற்கிறது. பாலியஸ்டர் அரை கிராம்கூட ஏற்பதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்த வேறுபாடு உடம்பிலேயே தெரியும்.

திரும்பிப் போய்க் கேட்டபோது, “பாவு பருத்திதானே, நான் பொய் சொல்லலையே” என்றார் அந்தக் கடைக்காரர். பயன்படுத்தாத 9 வேட்டிகளை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் முறையிடலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கையில் இருந்த ரசீதில் “வேட்டி 42” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பருத்தி என்று அவர் வாயால் சொன்னதை நிறுவ எனக்கு வழியில்லை.

இந்த ஆண்டு வேறொரு கடைக்கு ஊசியோடு போனேன். தொங்கும் நூல்கள் துணியோடு சேரும் இடத்தில் குறுக்கே ஓடும் கடைசி இழையை ஊசி முனையால் நெம்பினால், துணியை வெட்டாமலே ஊடை தனியாக வந்துவிடும். கடையிலிருந்த ஐயா முகம் சுளிக்காமல் இரண்டு வேட்டிகளில் உருவித் தந்தார், வாசலில் நின்று கொளுத்தவும் விட்டார். இரண்டும் சாம்பலாயின. “பாவு, ஊடை இரண்டும் 100 விழுக்காடு பருத்தி” என்று ரசீதில் எழுதிக் கடை முத்திரையும் குத்திக் கொடுத்த பிறகே பணம் கட்டினேன்.