மூன்று டாலெக்கும் ஒரு ஓட்டையும்

ஹாரோவில் வீட்டுப் பக்கத்து சாரிட்டி கடையில் ஒரு பவுண்டுக்கு வாங்கியது இந்த டிவிடி: காலப்பயணம் செய்யும் டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசியின் கதையான ‘டாக்டர் ஹூ’ தொடரின் ‘டே ஆஃப் த டாலெக்ஸ்’, 2011இல் வந்த இரட்டை வட்டு. பெட்டியின் மூடி உடைந்திருந்தது, வட்டில் கீறல் இல்லை. ராத்திரிக்கு ஒரு எபிசோடாக நாலு நாள் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

1972 ஜனவரியில் பிபிசியில் வந்த கதை. 22ஆம் நூற்றாண்டில் பூமி டாலெக்குகள் என்ற, உலோகக் கூட்டுக்குள் வாழும் வேற்றுக்கிரகவாசிகளின் பிடியில் இருக்கிறது. அங்கிருந்து சில கெரில்லாக்கள் காலத்தில் பின்னோக்கி வந்து, பிரிட்டிஷ் தூதர் சர் ரெஜினால்ட் ஸ்டைல்ஸைக் கொல்லப் பார்க்கிறார்கள். அமைதி மாநாட்டுக்கு வெடி வைத்து உலகத்தைப் போரில் தள்ளியவர் அவர்தான் என்பது அவர்கள் படித்த வரலாறு. ஆனால் வெடி வைக்கப்போவது அவர்களில் ஒருவனேதான்! எழுதிய லூயிஸ் மார்க்ஸுக்கு ஒரு கும்பிடு. இன்னொரு கும்பிடு டாக்டராக நடித்த ஜான் பெர்ட்விக்கு. ஸ்டைல்ஸ் வீட்டில் ராக்காவல் இருக்கப் போனவர், வீட்டுக்காரரின் வைனையும் சீஸையும் ரசித்து ருசிக்கிற அழகே தனி.

சரி, ஓட்டைக்கு வருவோம். முதல் எபிசோடில் டாக்டரும் அவருடைய உதவியாளர் ஜோவும் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது, அங்கேயே இன்னொரு டாக்டரும் இன்னொரு ஜோவும் (பின்னாளிலிருந்து வந்த இவர்களேதான்) தோன்றுகிறார்கள். ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்துவிட்டு மறைந்துபோகிறார்கள். நாலாவது எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடும்போது மகள் கேட்டாள்: “அப்பா, அவங்க ரெண்டு பேரும் எப்பத் திரும்பி வருவாங்க?”

வரவே மாட்டார்கள். நானும் ரசிகனுக்கே உரிய கடமையாக முட்டுக்கொடுத்தேன்: “டாக்டர் வரலாற்றையே மாத்திட்டாரும்மா. அந்தச் சந்திப்பு நடக்கவேண்டிய நாளே இல்லாமப் போச்சு.”

“அப்ப முதல்ல மட்டும் எப்படி நடந்துச்சு?”

பன்னிரண்டு வயசு. அடுத்து, காலப்பயணத்துக்கு ஏதோ வரம்பு இருக்கிறது என்று சொல்லும் பிளினோவிட்ச் லிமிட்டேஷன் எஃபெக்டை எடுத்து விட்டேன். இந்தக் கதையில்தான் அந்தப் பெயர் முதலில் வருகிறது. கெரில்லாக்கள் ஏன் முந்தின நாளுக்குப் போய் மறுபடி முயற்சி பண்ணக்கூடாது என்று ஜோ கேட்க, டாக்டர் பெயரை மட்டும் சொல்கிறார், விளக்கத்துக்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. விளக்கப்படாததுதான் வசதி. எந்த ஓட்டையிலும் அதை அடைக்கலாம். மகளிடம் மட்டும் பலிக்கவில்லை.

உண்மைக் காரணம் சப்பென்றது. அந்த இருவரும் திரும்பி வரும் காட்சி திரைக்கதையில் இருந்தது, ஒளிபரப்பில் இல்லை. டெரன்ஸ் டிக்ஸ் 1974இல் இதை நாவலாக்கியபோது அதைத் திரும்பச் சேர்த்துவிட்டார்.

காசு கொடுத்த திருப்தி கிடைத்தது, டாக்டர் வேலை பார்த்த யூனிட் என்ற ராணுவப் படையின் கதைகள் எந்த வருஷம் நடக்கின்றன என்று அலசும் குட்டிப் படத்தில். 1975இல் வந்த கதையில் டாக்டரின் அன்றைய துணை சாரா ஜேன் தான் 1980இலிருந்து வந்தவள் என்கிறாள். 1983இல் வந்த கதையோ, அவள் காலத்தில் யூனிட் தலைவராக இருந்த பிரிகேடியர் 1976லேயே ஓய்வுபெற்று வாத்தியாராகிவிட்டார் என்கிறது. தொடரின் முதல் டாக்டரின் துணையான இயன் என்ற வாத்தியாருக்காக யோசித்த வேடம் அது. நடிகர் கிடைக்காததால் பிரிகேடியரை உள்ளே இழுத்தார்கள், கணக்கு கவிழ்ந்தது. சாரா ஏதோ தோராயமாகச் சொல்லிவிட்டாள் என்று சமாளிக்கும் ரசிகர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. 2008இல் டாக்டரே எழுபதுகளா எண்பதுகளா என்று குழம்புகிற மாதிரி ஒரு வசனம் வைத்து, தொடர்காரர்களும் சிரித்துக்கொண்டே தோல்வியை ஒப்புக்கொண்டார்கள்.

இதே கதையின் இன்னொரு பதிப்பும் டிவிடிக்குள் இருக்கிறது. அன்றைக்கு மூன்றே மூன்று டாலெக் பொம்மைகளை வைத்து ஒப்பேற்றிய கடைசிச் சண்டையை, புதுக் காட்சிகளும் கணினி வரைகலையும் சேர்த்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். திக்கித் திக்கிப் பேசிய டாலெக்குகளுக்கு பின்னாளில் புதுத் தொடரில் டாலெக் குரல் கொடுத்த நிக்கலஸ் பிரிக்ஸின் குரல். அப்பாடா! விடுபட்ட அந்த ஆய்வுக்கூடக் காட்சியை மட்டும் எடுக்க முடியாது. பெர்ட்வி 1996லேயே போய்விட்டார்.

வாங்கினால் பழைய பதிப்பை முதலில் பாருங்கள். அந்த மூன்று டாலெக்குகள் புல்வெளியில் தத்தித் தத்தி வருவதைப் பார்த்துவிட்டுப் புதியதைப் போட்டால்தான் வித்தியாசம் தெரியும்.