பி.டி.எஸ்.டி.: எக்ஸ்போஷரா, இ.எம்.டி.ஆரா, மாத்திரையா?

விபத்தில் தப்பியவர் ஒரு மாதம் தாண்டியும் பைக்கில் ஏற மறுக்கிறார், பிரேக் சத்தம் கேட்டாலே துள்ளுகிறார், கனவில் அதே லாரி வருகிறது. இப்படி இருந்தால் அது பி.டி.எஸ்.டி.யா, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப்பாதிப்பா என்று மனநல மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சிகிச்சைக்கு மூன்று வழிகள் உண்டு: மாத்திரை; நினைவைக் கண் அசைவோடு சேர்த்துக் கையாளும் இ.எம்.டி.ஆர்.; பயப்படும் நினைவையும் இடத்தையும் படிப்படியாக நேருக்கு நேர் சந்திக்கும் எக்ஸ்போஷர். என் சாய்வு எக்ஸ்போஷர் பக்கம்.

மாத்திரையில் ஆதாரம் வலுவாக இருப்பது செர்ட்ராலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் மூன்றுக்கும். செர்ட்ராலினை வழக்கமாக 25 மி.கி.யில் தொடங்கி 50க்கு ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் 200 வரை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். சிகிச்சையாளரே கிடைக்காத ஊரில் இதுதான் முதல் படி. தானாக நிறுத்தக் கூடாது. திடீரென விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், பராக்ஸெட்டினில் கூடுதலாக. தூக்கத்துக்கென்று அல்பிரசோலம், குளோனசெபம் மாதக்கணக்கில் ஓடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பழக்கமாகிவிடும், நோயையும் தொடாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023 வழிகாட்டி இவை வேண்டாம் என்கிறது. மாத்திரையைவிட உளசிகிச்சைக்கே முன்னுரிமை தருகிறது.

இ.எம்.டி.ஆர். 1987இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபிரோ தொடங்கியது. மிக மோசமான காட்சியை மனதில் நிறுத்தி, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் சுமார் அரை நிமிடம் பின்தொடர வேண்டும்; பிறகு மனதில் வந்ததைச் சொல்ல வேண்டும். 0 முதல் 10 வரையிலான வேதனை அளவு இறங்கும்வரை இது தொடரும். நடந்ததை விலாவாரியாகச் சொல்லத் தேவையில்லை என்பது, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பெரிய ஆறுதல். கண் அசைவுதான் குணப்படுத்துகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் ஓயவில்லை. ஆனால் சிகிச்சை பலன் தருகிறது, அதில் சந்தேகமில்லை.

பிறகு ஏன் எக்ஸ்போஷர்? வீட்டுப் பயிற்சிக்காக. நினைவு வந்து போவதைவிட, அது வந்துவிடுமோ என்று ஒதுங்கி வாழ்வதுதான் இந்த நோயை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கிறது. ஒதுங்குவது கிளினிக்கில் நடப்பதில்லை, தெருவில் நடக்கிறது.

உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய எக்ஸ்போஷர் முறையில் 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். கண்ணை மூடி, சம்பவத்தை இப்போது நடப்பதுபோல 30 முதல் 45 நிமிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்த ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கூடவே, பயப்படும் இடங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்ட பட்டியல்: நிறுத்திய பைக்கில் உட்காருவது 40, பகலில் மெயின் ரோடு 60, விபத்து நடந்த சந்திப்பு 90. நாற்பதில் தொடங்கி, பதற்றம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் ஓடி வந்தால் பயம்தான் ஜெயிக்கும். கூடவே மனைவியை அழைத்துப் போவது, போனில் பேசிக்கொண்டே போவது போன்ற துணைகளை ஒவ்வொன்றாக விடவேண்டும். இல்லையேல் தப்பித்தது துணையால்தான் என்றே மனம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

சொல்லும்போது செய்தி வாசிப்பதுபோல உணர்ச்சியே வராவிட்டாலும் பலனில்லை. அப்போது வாடை, சத்தம், உடம்பில் தோன்றியது என்று சிகிச்சையாளர் கேள்வி போடுவார். உணர்ச்சியில் மூழ்கிவிட்டால் கண்ணைத் திறக்க வைத்து, இறந்தகாலத்தில் சொல்ல வைப்பார். முதல் சில வாரங்களில் கனவுகள் கூடலாம். பலர் விட்டுவிடுவது அங்கேதான், குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் அந்தப் பதிவை எங்கே கேட்பது? தனிமைக்கு வழியே இல்லையென்றால் தயங்காமல் இ.எம்.டி.ஆர். போகலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் நடந்த ஆய்வொன்றில், வாழ்க்கையைக் கதையாக விவரிக்கும் எக்ஸ்போஷரும் தியானப் பயிற்சியும் ஆறே அமர்வுகளில் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தாலோ, அடிப்பவர் இன்னும் அதே வீட்டில் இருந்தாலோ எந்த முறைக்கும் முன்னால் பாதுகாப்புதான்.

சிகிச்சையாளரிடம் முதல் நாளே கேளுங்கள்: அமர்வைப் பதிவு செய்து தருவீர்களா, மதிப்பெண் பட்டியல் போடுவீர்களா, எத்தனை அமர்வு? தெளிவான பதில் வராவிட்டால் அங்கே கிடைக்கப்போவது பெரும்பாலும் பொதுவான கவுன்சலிங்தான்.