பழைய புல்லட்: 16 பல்லா, 17 பல்லா?

தர்மபுரியில் பழைய புல்லட் 350 வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: முன் ஸ்பிராக்கெட்டில், அதாவது செயினை இழுக்கும் பல்சக்கரத்தில், 16 பல்லோடு ஒன்றைக் கூட்டி 17 ஆக்கலாமா? பின்னால் இருக்கும் 38 பல் பிரேக் டிரம்மோடு சேர்ந்தே வரும். அதனால் கை வைப்பது முன்னால்தான்.

நெடுஞ்சாலை
16: கிருஷ்ணகிரி சாலையில் எழுபதைத் தாண்டினாலே இன்ஜின் கதறும்.
17: அதே வேகத்தில் இன்ஜின் சுற்று சுமார் 6 சதவீதம் குறையும். ஹேண்டில் நடுக்கம் தணிவது உள்ளங்கையிலேயே தெரியும்.

ஏற்ற இறக்கம்
16: வத்தல்மலை வளைவுகளில் பின்சீட்டில் ஆள் இருந்தாலும் தைரியமாக ஏறலாம். தொப்பூர் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பதும் அதிகம். பழைய டிரம் பிரேக்குக்கு அது பெரிய துணை.
17: சீக்கிரமே கியரைக் குறைக்க வேண்டிவரும்.

செலவு
உதிரியைவிட வேலைதான் பெரிது. பிரைமரியில், அதாவது இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் செயின் பெட்டியில், இருக்கும் ஆயிலை வடித்து, கவரைக் கழற்றி, கிளட்சை எடுத்தால்தான் ஸ்பிராக்கெட் கண்ணில் படும். பழைய பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயினையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுப் பல் சீக்கிரம் தேயும்.

ஓசூர், சேலம் என்று தனியாக ஓடுபவருக்கு 17. மலை, மூட்டை, பின்சீட்டில் ஆள் என்றால் 16 இருக்கட்டும், மாற்றாதீர்கள்.