லிட்டருக்கு 9.1-இல் தொடங்கிய நோட்டு: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியுடன் ஐந்து ஆண்டுகள்

நான் வாங்கியபோது வண்டிக்கு வயது பதினேழு. 1300 சிசி பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், ஏணிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த பெட்டி போன்ற உடல், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைத்துக்கொள்ளும் ஃபோர் வீல் டிரைவ். ஓடோமீட்டரில் 1,48,000 கிலோமீட்டர். அதற்குப் பிறகு இன்னும் 62,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். பெட்ரோல் நிரப்பிய ஒவ்வொரு முறையும் மைலேஜை, அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை, ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட வரிகள் சேர்ந்துவிட்டன. இந்தப் பகிர்வு முழுவதும் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

முதல் வரி லிட்டருக்கு 9.1 கிலோமீட்டர் என்று சொன்னது. மெக்கானிக்கிடம் காட்டினேன். "ஃபோர் வீல் வண்டி என்றால் இப்படித்தான் சார் குடிக்கும், பழகிக்கொள்ளுங்கள்" என்றார். ஒரு மாதம் பழகிப் பார்த்தேன். பழகவில்லை.

முதலில் அளவைப் பற்றி. டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் பம்ப் குழாய் எப்போது தானாக நிற்கும் என்பது வண்டி நிற்கும் சாய்வையும் பெட்ரோல் ஊற்றும் வேகத்தையும் பொறுத்தது. 35 லிட்டரில் ஒன்றரை லிட்டர் இப்படியும் அப்படியும் போனாலே மைலேஜ் கணக்கு நான்கு சதவீதம் ஆடிவிடும். "நேற்று புதிய பிளக் போட்டேன், மைலேஜ் அரைக் கிலோமீட்டர் கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஒரே பம்ப், ஒரே பக்கம், முதல் 'டிக்' சத்தத்தோடு நிறுத்தம், தொடர்ந்து மூன்று டேங்கின் சராசரி: இதற்குக் குறைவான எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்து ஓடோமீட்டர். முந்தைய உரிமையாளர் வண்டி கம்பீரமாக இருக்கட்டும் என்று 215/75 ஆர்15 அளவில் சேற்று டயர்களை மாட்டியிருந்தார். கம்பெனி கொடுத்த அளவு 205/70 ஆர்15. முதலாவதன் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 668. அதாவது சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து சதவீதம் அதிகத் தூரம் போகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டபோது வண்டி 100 கிலோமீட்டர் ஓடியிருக்க, மீட்டர் 95 என்றது. ஆக என் 9.1 உண்மையில் 9.6. ஒரு திருகையும் திருப்பாமல் கிடைத்த அரைக் கிலோமீட்டர் அது! பெரிய டயர் மாட்டியபின் மைலேஜ் சரிந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். மீதிப் பாதி உண்மையாகவே சரிந்திருக்கும், அது வேறு கதை.

அந்த வேறு கதைக்காக டயரை மாற்றினேன். கனமான, பாளம் பாளமாக வெட்டிய சேற்று டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் நெளிந்து நிமிர்கிறது. அப்படி நெளிவதில் போகும் சக்தி சூடாகக் காற்றில் கரைகிறது. சாலை டயருக்கு, அதுவும் கம்பெனி அளவுக்கே, திரும்பியதும் சராசரி 10.2 ஆனது. இழப்பும் உண்டு. முன்பு யோசிக்காமல் இறங்கிய ஈரமான மண்பாதையில் இப்போது இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன். வாரத்துக்கு ஒருமுறை சேற்றில் இறங்குகிறவர் இதைச் செய்ய வேண்டாம். நான் ஆண்டுக்கு நான்கு முறைதான் இறங்குகிறேன்.

காற்றழுத்தம் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் உள்ளபடி, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து நிரப்புகிறேன். நான்கு பி.எஸ்.ஐ. அதிகம் வைத்தும் ஒரு பருவம் ஓட்டினேன். நோட்டில் வித்தியாசம் தெரியவில்லை, முதுகில் நன்றாகத் தெரிந்தது.

இனி, பிரேக். ஒரு நாள் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கியபோது முன் இடது சக்கரத்தருகே லேசான கருகிய வாடை. துப்பாக்கி வடிவ வெப்பமானியைக் காட்டினேன். வலது சக்கரம் 41 டிகிரி, இடது 88. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் வழுக்கு ஊசிகள் துருவேறிச் சிக்கியிருந்ததால் பிரேக்கை விட்ட பிறகும் பேடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஊசிகளைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவி, ரப்பர் உறைகளையும் மாற்றினோம். பின்பக்கக் கைப்பிரேக் கேபிளும் முழுதாகத் திரும்பவில்லை, அதையும் சரிசெய்தோம். 10.8. ஐந்து ஆண்டுகளில் நான் செய்தவற்றில் மிகக் குறைந்த உழைப்புக்கு மிக அதிகம் கொடுத்தது இதுதான். சமதளத்தில் நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். வண்டி முறைத்துக்கொண்டு நின்றால் அடுத்து பார்க்க வேண்டியது பிரேக்.

ஃபோர் வீல் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லோரும் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதியான நடு டிபரன்ஷியல் இந்த வகை வண்டியில் கிடையாது. ஃபோர் வீலில் போட்டால், விசையைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகின்றன. மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாமல் மொத்த இறுக்கமும் கியர்களுக்குள் முறுக்கிக்கொள்ளும். பெட்ரோலும் வீண், டயரும் வீண், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆபத்து. நல்ல சாலையில் 'பாதுகாப்புக்காக' ஃபோர் வீலில் ஓட்டுகிறேன் என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னதுண்டு.

என் வண்டியில் முன்சக்கரங்களில், சக்கரத்தை அச்சோடு பூட்டவும் விடுவிக்கவும் கையால் திருகும் ஹப் இருக்கிறது. 'ஃப்ரீ'யில் வைத்தால் சக்கரம் மட்டும் உருளும், உள்ளே இருக்கும் அச்சும் டிபரன்ஷியலும் ஷாஃப்டும் சும்மா இருக்கும். இரண்டையும் ஃப்ரீயில்தான் வைத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தபோதுதான் வலது ஹப்பின் திருகி மட்டும் ஃப்ரீ என்று காட்ட, உள்ளே விடுபடாமலே இருந்தது தெரிந்தது. விளைவு வேடிக்கையானது. வலது அச்சு சுழல, டிபரன்ஷியலின் பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை இடது அச்சுக்குத் திருப்பிவிட, அது யாருக்கும் பயனில்லாமல் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. கழற்றிக் கழுவிப் பூட்டினேன். பெரிதாகக் கூடும் என்று ஆவலோடு மூன்று டேங்க் காத்திருந்தேன். 10.8, 10.9, 10.8. ஸ்டீயரிங் பக்கம் கேட்ட மெல்லிய முனகல் நின்றது, அவ்வளவுதான். என்றாலும் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் செய்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உருள்வதைத் தடுத்த விஷயங்கள். மீதி இன்ஜினுக்குள் இருந்தது. அங்கேதான் நான் முட்டாளாகவும் நடந்துகொண்டேன்.

வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் செருகும் சிறிய ரீடர் ஒன்று வாங்கினேன். முதலில் கண்ணில் பட்டது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூடு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் 68 டிகிரி. அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்க வேண்டியது. அது எப்போதும் திறந்தபடியே சிக்கியிருந்திருக்கிறது. முழுச் சூட்டை எட்டாத இன்ஜினுக்குக் கணினி சற்றுக் கூடுதலாகவே பெட்ரோல் கொடுக்கும், ஆயிலும் தடித்தே இருந்து உராய்வைக் கூட்டும். வண்டி சூடேறினால் எல்லோரும் பதறி ஓடுவார்கள். சூடேறாமல் இருந்தால் 'நல்ல குளிர்ச்சியான இன்ஜின்' என்று மெச்சிக்கொள்வார்கள். நானும் இரண்டு ஆண்டுகள் மெச்சிக்கொண்டிருந்தேன். தெர்மோஸ்டாட்டை மாற்றியதும் 11.2, குறுகிய தூர ஓட்டங்களில் அதைவிடத் தெளிவான வித்தியாசம்.

ரீடரில் அடுத்துப் பார்த்தது, நீண்டகால எரிபொருள் திருத்தம். பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எஞ்சிய ஆக்சிஜனை முகர்ந்து சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து அந்த விகிதத்தைப் பிடிக்கிறது. எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அந்தத் திருத்த எண். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. என் வண்டியில் ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, கூட்டல் 17 சதவீதம், ஓட்டத்தில் கூட்டல் 9. வழக்கத்தைவிட ஒன்பது சதவீதம் அதிகமாக ஊற்றிக்கொண்டே ஓடியிருக்கிறது வண்டி.

சென்சாருக்கு வயதாகிவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். எண்கள் அசையவில்லை. ஏர் ஃபில்டரை மாற்றினேன், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தேன், அப்போதும் அதே 17, அதே 9. ஒரு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியபோது பானட்டுக்கு அடியில் 'டிக் டிக் டிக்' என்று மெல்லிய சத்தம். சூடேறியதும் நின்றுவிட்டது. புகையைத் திரட்டும் குழாயான மானிஃபோல்டுக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் ஒரு மூலையில் விட்டிருந்தது. புகை வெளியே கசிவதோடு விஷயம் முடிவதில்லை. ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையில் அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சென்சார் அந்தக் காற்றை முகர்ந்து 'ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது' என்று நேர்மையாகச் சொல்கிறது. கணினியும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. நான் குற்றவாளி என்று தூக்கியெறிந்த பழைய சென்சார் முழு நிரபராதி! கேஸ்கெட் மாற்றிய பிறகு ஐட்லிங்கில் 3, ஓட்டத்தில் 2. சராசரி 12.1.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு வரி: கார்புரேட்டர் வண்டியில் அடைத்த ஃபில்டர் மைலேஜைக் குறைக்கும். கணினி பார்த்துப் பெட்ரோல் கொடுக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில் இழுவைதான் குறையும், மைலேஜில் பெரிதாக ஒன்றும் ஆகாது. தூசி உள்ளே போகாமலிருக்க மாற்றுங்கள். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தத்தையும் டேங்கில் ஊற்றும் அற்புதத் திரவத்தையும் சோதித்திருக்கிறேன். நோட்டில் அந்த வரிகளுக்கு அருகில் எதுவும் எழுதவில்லை, எழுத எதுவும் இல்லை.

ஆயில் விஷயத்தில் ஒரு திருத்தம் மட்டும். பழைய இன்ஜின் என்று யாரோ தடித்த 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தார்கள். கையேட்டில் உள்ள மெல்லிய 5டபிள்யூ-30க்குத் திரும்பினேன். குளிர்ந்த தொடக்கம் மென்மையானது. ஒன்றிரண்டு சதவீதம் கிடைத்திருக்கலாம், என் அளவுமுறையில் அது பிடிபடாது. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிபரன்ஷியல், பின் டிபரன்ஷியல் என்று நான்கு இடத்தில் தனித்தனி ஆயில் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். என் முன் டிபரன்ஷியலில் இருந்தது ஆயிலா, தண்ணீர் கலந்த மோரா என்று தெரியவில்லை.

கூரை மேலிருந்த கேரியரைக் கழற்றியதில் 12.4. கழற்றும்வரை அதன் மேல் ஒருமுறைகூட எதையும் ஏற்றியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மற்றபடி மிஞ்சியது வலது கால். செங்கல் வடிவ வண்டிக்குக் காற்றுதான் பெரிய எதிரி. வேகம் 80-இலிருந்து 100 ஆகும்போது காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. குட்டையான கியர் விகிதம் வேறு. நூறில் இன்ஜின் கத்திக்கொண்டே வரும். ஒரே வழியில் போகும்போது 100, வரும்போது 80 என்று நான்கு முறை ஓட்டியதில் நூறில் 11-ஐ ஒட்டியும் எண்பதில் 13.5-ஐ ஒட்டியும் நின்றது. போய்ச் சேரும் நேரத்தில் ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் கால் மணி நேர வித்தியாசம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பின்னால் வருகிறவர்களுக்குப் படுகிறது, ஹாரன் அடிக்கிறார்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தையும் விட்டேன். கியரில் இருக்க ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், சக்கரங்களே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலிலோ ஐட்லிங்குக்கான பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிரேக்கும் கிடையாது. சிக்கனம் என்று இருபது ஆண்டுகளாக நான் செய்துவந்தது நேர்மாறான வேலை.

நெரிசலான சாலைகளில் மட்டும் இன்னும் 10-ஐத் தாண்டவில்லை. நின்று நின்று போகும் ஆயிரம் கிலோ வண்டியிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு மனமும் இல்லை.

கடைசி மூன்று டேங்குகள் 12.3, 11.8, 11.6. ஏதோ ஒன்று மீண்டும் தேய ஆரம்பித்திருக்கிறது. நேற்று மாலை வெப்பமானியோடு வண்டியைச் சுற்றி வந்தேன். பின் வலது சக்கரம் மற்றவற்றைவிட 19 டிகிரி அதிகம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரேக் டிரம்மைக் கழற்றப் போகிறேன்.