ஒன்பது மணிக்கு அடைபடும் சாலைகளுக்கு நடுவே இரண்டு இரவுகள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து புறப்பட்டு பந்திப்பூர், முதுமலை ஆகிய இரண்டு காடுகளையும் மூன்று நாள்களில் காரில் சுற்றி வருவது என்று முடிவானபோது, அறை பிடிப்பது இந்தப் பயணத்தின் எளிய வேலை என்றே நினைத்திருந்தேன். பதினாறு ஆண்டுகளாக நெதர்லாந்தில் வசிக்கும் எனக்கு, படுக்கையின் படத்தையும் முன்பு தங்கியவர்கள் இட்ட நட்சத்திரங்களையும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தே பழக்கம். 2025 பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நாங்கள் மூவர், எழுபத்து நான்கு வயது அம்மா, வண்டி ஓட்டும் தம்பி என ஐந்து பேர். நான் மடிக்கணினியில் அறைகளைக் காட்டத் தொடங்கியதும் தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதெல்லாம் இருக்கட்டும், எந்தப் பக்கமா சுத்தறதுண்ணா?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. குண்டலுப்பேட்டையிலிருந்து பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்குமேல் காலை ஆறு மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. ஆம்புலன்ஸுக்கும் ஒரு சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. தமிழ்நாட்டு எல்லைக்குள் கக்கநல்லா சோதனைச் சாவடியிலிருந்து தொரப்பள்ளி வரை முதுமலைக்குள் ஓடும் அதே சாலைக்கும் அதே நேரக்கணக்கு. சத்தியமங்கலத்துக்கு மேலே இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை இருக்கிறது. ஆகவே இருட்டிய பிறகு எந்தக் கதவுக்கு இப்புறம் இருக்கிறோமோ அந்தப் புறத்தில்தான் விடியும். விடியற்காலைச் சஃபாரிக்குப் போக விரும்புகிறவர் அறையின் அழகைப் பார்ப்பதற்கு முன் சாவடியின் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை, பதிவு செய்யும் எந்தத் தளத்தின் வரைபடமும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் வரைபடம் மறைத்தது. உதகையிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் அந்தப் பாதையில், பழக்கமில்லாத ஓட்டுநர்களால் நேர்ந்த விபத்துகளுக்குப் பிறகு, நீலகிரிப் பதிவெண் இல்லாத வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை. மசினகுடியிலிருந்து மேலே ஏறலாம். எங்கள் வண்டியோ கோபிப் பதிவெண், டிஎன் 36. உதகைக்கு முதலில் போய்ப் பிறகு காட்டுக்கு இறங்குவது என்ற என் திட்டத்தைத் தம்பி அப்படியே திருப்பிப் போட்டான்: சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர், குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி, பிறகு கல்லட்டி ஏறி உதகை, கோத்தகிரி, மேட்டுப்பாளையம். சுற்றும் திசை முடிவானதும், முதல் இரவு பந்திப்பூர்ப் பக்கம், இரண்டாம் இரவு மசினகுடி என்பது தானாகவே முடிவாயிற்று.

அறைகளைத் தொலைபேசியில் விசாரிக்கத் தொடங்கியபோதுதான் வெளிநாட்டில் குடியேறியவனுக்கே உரிய சிக்கல் எழுந்தது. நானும் மனைவியும் மகளும் டச்சுக் கடவுச்சீட்டும், அயல்நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையும் வைத்திருப்பவர்கள். அயல்நாட்டுக் குடிமக்களைத் தங்க வைக்கும் எவரும், அவர்கள் ஓசிஐ அட்டை உள்ளவர்களே ஆனாலும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அப்போது 'சி படிவம்' எனப்பட்ட விவரப் பதிவை இணையத்தில் அரசுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு அந்த விடுதி முன்கூட்டியே பதிவு பெற்றிருக்க வேண்டும். பெரிய விடுதிகளுக்கு இது அன்றாட வேலை. மூன்று நான்கு அறைகளை வைத்து நடத்தும் வீட்டுத் தங்குமிடங்கள் பலவற்றில் அந்தப் பதிவே கிடையாது. மசினகுடியில் நான் மிகவும் விரும்பிய ஒரு வீட்டுக்காரர், நாங்கள் கோபிக்காரர்கள் என்றதும் மகிழ்ச்சியாகப் பேசிவிட்டு, "ஆதார் இருக்குதுங்களா? பாஸ்போர்ட்டுன்னா நமக்கு ஆகாதுங்க" என்று வருத்தத்தோடு முடித்துக்கொண்டார். வேறொருவர் தம்பியின் பெயரில் மட்டும் அறை போட்டுக்கொள்ளலாம் என்று தாமாகவே வழி சொன்னார். சோதனை வந்தால் அவருக்கும் தொல்லை, எங்களுக்கும் தொல்லை என்பதால் அதை ஏற்கவில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே; நான் இதை ஏழாவது தொலைபேசி அழைப்பில்தான் கற்றுக்கொண்டேன்.

இடத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் சிறந்தது தெப்பக்காட்டில் உள்ள வனத்துறை ஓய்வில்லங்கள்தாம். மோயாற்றங்கரை, யானைகள் முகாம், சஃபாரி புறப்படும் வரவேற்பு மையம் எல்லாம் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. ஆனால் இணையப் பதிவில் என் டச்சு எண்ணுக்கு ஓடிபி வரவே இல்லை. தம்பியின் எண்ணில் மறுபடியும் தொடங்கியபோது பொங்கல் வாரம் முழுவதும் நிரம்பிவிட்டிருந்தது. பந்திப்பூரில் கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தும் விடுதியில் உணவும் சஃபாரியும் தங்கும் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இருவராகச் செல்பவர்களுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது கையைக் கடித்தது. அதிலும் அம்மா திறந்த ஜீப்பில் ஏறப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது கோயில். பந்திப்பூர்க் காட்டின் விளிம்பில் இருக்கும் கோபாலசுவாமி மலைமேல் தனியார் வண்டிகளை விடுவதில்லை. அடிவாரத்திலிருந்து கர்நாடக அரசுப் பேருந்து ஏற்றிச் செல்கிறது. அதற்கும் சஃபாரிக்கும் வசதியாக, மேலுகாமனஹள்ளிக்கு அருகில் வயல்களுக்கு நடுவே ஒரு தனியார் விடுதியில் இரண்டு அறைகள் பிடித்தோம். 'சி படிவம்' பற்றிக் கேட்டபோது அங்கிருந்த இளைஞர் எங்கள் கடவுச்சீட்டுகளைக் கைப்பேசியிலேயே படமெடுத்துப் பத்து நிமிடங்களில் வேலையை முடித்தார். அறையிலிருந்து பார்த்தால் காடு தெரியும் என்று விளம்பரத்தில் இருந்தது. தெரிந்தது மின்வேலியும் அதற்கப்பால் ஒரு கொள்ளுக்காடும்தான். எனக்கு அதில் குறையில்லை. சுடுநீர் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்தது, தரைத்தளத்தில் அறை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருந்தது. இரவு உணவுக்கு ராகி முத்தையும் மொச்சைக்கொட்டைச் சாறும் போட்டார்கள். நம்மூர்க் களியைவிட இறுக்கமாக இருக்கிறது என்று அம்மா ஒரு குறை சொல்லிவிட்டு இரண்டாவது உருண்டையையும் வாங்கிக்கொண்டார்.

சஃபாரிக் கட்டணம் குறித்து ஒரு செய்தியைப் பதிவு செய்ய வேண்டும். 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள், நினைவுச் சின்னங்கள் ஆகியவற்றின் நுழைவுக் கட்டணத்தில் ஓசிஐ அட்டை உள்ளவர்களை இந்தியக் குடிமக்களுக்குச் சமமாக வைக்கிறது. அது பேசுவது நுழைவுக் கட்டணத்தைப் பற்றி மட்டுமே. வண்டிக்கான கட்டணத்தைத் தனியாகக் குறிப்பிடவில்லை. அதனால் கவுண்டருக்குக் கவுண்டர் விடை மாறுகிறது. ஒரு கவுண்டரில் அட்டையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் அயல்நாட்டவர் கட்டணத்தைச் சொன்னார்கள்; அறிவிக்கையின் அச்சுப்படியை நான் நீட்டிய பிறகு மேலதிகாரியை அழைத்து, இருபது நிமிடங்கள் கழித்து உள்நாட்டுக் கட்டணத்தில் சீட்டு கொடுத்தார்கள். இன்னொரு கவுண்டரில் எதையுமே கேட்கவில்லை. அச்சுப்படியை எடுத்துச் செல்வது நல்லது, ஏனெனில் காட்டுக்குள் கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது.

மறுநாள் காலை கக்கநல்லாவில் நீலகிரி மாவட்டத்துக்கான இ-பாஸைப் பார்த்தார்கள். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளி வண்டிகள் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். முன்பே பதிவு செய்திருந்ததால் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். என் மகள் விமானத்திலிருந்து கொண்டுவந்த சிறிய புட்டியும் அதில் போயிற்று. தெப்பக்காட்டு முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் வெல்லமும் சேர்த்து உருட்டிக் கொடுக்கும் காலை வேளைக்குச் சரியாகச் சேர்ந்துவிட்டோம். முந்தைய இரவை உதகையில் கழித்திருந்தால் இதற்கு வாய்ப்பே இல்லை.

மசினகுடியில் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க நான் அதிக நேரம் செலவிட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. இந்தச் சீகூர்ப் பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் கடக்கும் வழி. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் இங்கே பல விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் யானை வழித்தட அறிவிப்பைச் செல்லும் என்று உறுதி செய்தது. 2021 ஜனவரியில் இந்த ஊருக்கு அருகிலேயே, தங்குமிடத்துக்குள் வந்த யானைமீது நெருப்பை எறிந்ததில் அது இறந்துபோன செய்தியைப் படித்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே 'காட்டுக்கு நடுவே', 'யானை வாசலுக்கே வரும்' என்று எழுதியிருந்த இடங்களை முதலிலேயே விலக்கிவிட்டு, ஊருக்குள், கடைத்தெருவுக்கு அருகில், உரிமம் பற்றிக் கேட்டால் எரிச்சல்படாத ஒருவருடைய விடுதியைப் பிடித்தோம். காட்சி ஒன்றுமில்லை; எதிரே ஒரு டயர்க் கடை.

அந்த விடுதியில் எனக்குக் குறை ஒன்று உண்டு. தரைத்தளம் என்று இருமுறை உறுதி சொல்லியிருந்தும் போய்ச் சேர்ந்தபோது மாடி அறையைக் காட்டினார்கள். அம்மாவைச் சுட்டிக் காட்டிய பிறகு, மேலாளர் தம் அலுவலக அறைக்குப் பக்கத்து அறையைக் காலி செய்துகொடுத்தார். அன்று மாலை வாசலில் நின்ற ஒரு ஜீப் ஓட்டுநர் இரவுச் சஃபாரிக்கு 2,500 ரூபாய் கேட்டார். அப்படி ஒன்று சட்டப்படி கிடையாது; வனத்துறை காலையிலும் பிற்பகலிலும் நடத்துவது மட்டுமே சஃபாரி. தம்பி அவரிடம் சண்டை போடாமல், "எங்கம்மா வந்தா நானும் வர்றனுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கல்லட்டி ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை ஆறவிட வேண்டியிருந்தது. மேலே தலைக்குந்தாவில், இறங்க வந்த வெளியூர் வண்டிகளைக் காவலர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சென்னைப் பதிவெண் கொண்ட ஒரு வண்டிக்காரர், மசினகுடியில் அறைக்கு முழுப் பணமும் கட்டிவிட்டதாகக் கைப்பேசியைக் காட்டி வாதிட்டுக்கொண்டிருந்தார். கூடலூர் வழியாகப் போனால் அவருக்கு இன்னும் அறுபத்தேழு கிலோமீட்டர் இருந்தது.