கால்வாய்ப் படகில் வெந்நீர்: எஞ்சின் சூடா, கேஸா, டீசல் ஹீட்டரா?

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்பது இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலமும் அதிகபட்சம் 22 மீட்டர் வரை நீளமும் உள்ள எஃகுப் படகு. அதிலேயே குடும்பம் நடத்துபவர்கள் உண்டு. ஜனவரி குளிரில் அவர்களுக்கு வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் எஞ்சினிலிருந்துதான். டீசல் எஞ்சினில் எரியும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பல்லரைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சம் எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் நீரில், அதாவது கூலண்டில், ஏறுகிறது. காரில் ரேடியேட்டர் செய்யும் வேலையை இங்கே படகின் உடம்போடு சேர்த்து வெல்டிங் செய்த தட்டையான அறை ஒன்று செய்கிறது; சூடு அப்படியே கால்வாய்த் தண்ணீருக்குப் போய்விடும். போகிற சூட்டை வழியிலேயே மறித்து, கலோரிஃபையர் என்ற தொட்டிக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் கூலண்டைச் சுற்றவிடுகிறார்கள். கூலண்ட் சுருளுக்குள், குளிக்கிற தண்ணீர் வெளியே. இரண்டும் கலக்காது.

55 லிட்டர் தொட்டித் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 3.2 யூனிட் ஆற்றல் வேண்டும். கால்வாயில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது. அந்த ஆமை வேகத்திலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொட்டி சூடேறிவிடும். உறை நன்றாக இருந்தால் மறுநாள் காலைவரை சூடு நிற்கும். தனியாக ஒரு சொட்டு டீசல் செலவில்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. கூலண்ட் 80 டிகிரியைத் தாண்டும். தொட்டியும் அந்தச் சூட்டை எட்டும். கைக்கு வருமுன் பச்சைத்தண்ணீரைக் கலந்துவிடும் மிக்சிங் வால்வு இல்லையென்றால் கை வெந்துவிடும். 55 லிட்டர் சூடாகும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவு விரிவடையும் என்பதால், அதற்கு இடம் தர ஒரு விரிவுக் கலனும் பிரஷர் வால்வும் தேவை. அப்புறம் ஒரு ரகசிய வியாதி: சுருளில் ஊசித் துளை விழுந்தால், பம்ப் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர் கூலண்டுக்குள் புகுந்துவிடும். எஞ்சினின் கூலண்ட் தொட்டி காரணமே இல்லாமல் நிரம்பி வழிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தச் சுருளைத்தான்.

சரி, படகு நகராத நாளில்? இங்கேதான் ‘இலவசம்’ என்ற பேச்சு பொய்த்துப்போகிறது. வெந்நீருக்காக மட்டும் எஞ்சினை ஓட்டினால், சாதம் வைக்க லாரியை ஸ்டார்ட் செய்த கதைதான். சுமையில்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறாது. இதையே வழக்கமாக்கினால் சிலிண்டர் சுவர் வழுவழுப்பாகி எண்ணெய் குடிக்கத் தொடங்கும். மற்ற படகுகளுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தால் இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணிவரை எஞ்சினை ஓட்டவும் கூடாது.

கேஸ் கீசர் அந்த இடத்தில் ஜெயிக்கிறது. தொட்டி வேண்டாம், காத்திருக்க வேண்டாம், குழாயைத் திறந்தால் வெந்நீர். 13 கிலோ சிலிண்டர் பல நாள் தாங்கும். ஆனால் அந்த சிலிண்டரில் உள்ள புரொப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் தேங்கும், அங்கிருந்து தானாக வெளியேற வழியில்லை. புகைக்குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு அபாயம். 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புச் சோதனையில் அதற்கான அலாரம் கட்டாயம். சின்ன அறையில் தீ எரியும் கருவியை மாட்ட எனக்கு மனசு வராது. மாட்டுபவர்கள் தகுதியுள்ளவரை வைத்து மாட்டட்டும்.

டீசல் ஹீட்டர் நடுவழி. 5 கிலோவாட் ஹீட்டர் முழுவீச்சில் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் குடித்து, தண்ணீரோடு அறையையும் சூடாக்கும். பாத்திரம் கழுவ மட்டும் பத்து நிமிடம் போட்டு அணைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. உள்ளே கரி படிந்து ஒருநாள் மக்கர் செய்யும். பற்றவைக்கும்போது பேட்டரியையும் நன்றாக இழுக்கும்.

தொட்டிக்குள் மூழ்கியிருந்து கரண்டில் சூடாக்கும் இம்மர்ஷன் கம்பி, மரினாவில் (படகுகளைக் கட்டிவைக்கும் துறையில்) கரண்ட் இணைப்பு உள்ளவர்களுக்கு. ஒரு கிலோவாட் கம்பியை 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 90 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். கோடையில் சோலார் மிஞ்சினால் மட்டும் பார்க்கலாம்.

14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க முடியாத, நிரந்தரக் கட்டுமிடம் இல்லாத படகுக்காரர் எப்படியும் நகர்ந்தாக வேண்டும்; பேட்டரிக்காகவும் எஞ்சினை அடிக்கடி ஓட்டுவார். அவருக்கு எஞ்சின் சூடுதான், சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கும்போதே இரட்டைச் சுருள் தொட்டியாக வாங்குங்கள்: ஒரு சுருள் எஞ்சினுக்கு, இன்னொன்று டீசல் ஹீட்டருக்கோ விறகடுப்பின் பாய்லருக்கோ. படகை ஏற்றி இறக்கும் மதகு அறைகளை (லாக்) பழுதுபார்க்க மூடிவிடுவதால் படகு நகர முடியாத குளிர்காலத்தில் அந்த இரண்டாவது சுருள்தான் கைகொடுக்கும். ஒற்றைச் சுருள் தொட்டியைப் பொருத்திவிட்டுப் பின்னால் மாற்றுவதென்றால், கட்டிலைப் பெயர்த்தால்தான் தொட்டியையே பார்க்க முடியும்.